டெனிஸ் ஒரு தடவைதான் கேட்டாள்

பிரிஸ்பேனில் வந்து இறங்கிய வாரம், மொழிப் பள்ளியில் வைத்த எழுத்துத் தேர்வில் ஓக்ஜு எல்லாரையும் தூக்கிச் சாப்பிட்டுவிட்டாள். கொரியாவில் பள்ளிக்கூடத்தை விட்டு எத்தனையோ காலமாகியும், அன்றைக்குத் தலையில் ஏற்றிய இலக்கணம் ஒன்றுகூட இறங்கியிருக்கவில்லை. கோடிட்ட இடங்களை நிரப்பியதில் ஒரு பிழைகூட இல்லை. பள்ளிக்காரர்கள் மகிழ்ந்துபோய் அவளை மேல் வகுப்பில் கொண்டுபோய் உட்கார வைத்தார்கள்.

முதல் நாள் ஆசிரியர், சனி ஞாயிறு என்ன செய்தாய் என்று கேட்டார். ஓக்ஜு எழுந்து நின்றாள். சுற்றிலும் பிரேசில்காரர்களும் இத்தாலிக்காரர்களும் தப்பும் தவறுமாகக் கொட்டிக்கொண்டிருந்தார்கள். இவளோ வாக்கியத்தை மனசுக்குள் எழுதி, அடித்து, திருத்தி, இன்னொரு தடவை சரிபார்த்து நிமிர்ந்தபோது ஆசிரியர் அடுத்த பெஞ்சுக்குப் போயிருந்தார். மறுநாள் அவளை இரண்டு வகுப்பு கீழே இறக்கினார்கள்.

"நல்லதாப் போச்சு. மேலயே இருந்திருந்தா அண்ணாந்து பாத்துப் பாத்துக் கழுத்து வலிச்சிருக்கும்" என்றாள் அன்று சாயங்காலம், அறைத்தோழி சேரினிடம்.

ஓக்ஜு அப்படித்தான். அடி விழுந்த இடத்தைத் தானே தட்டிச் சிரித்துவிட்டு எழுந்துகொள்கிறவள்.

அவளுக்கு முப்பத்தொன்பது வயது. குன்சான் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கார் ஆலையின் உணவுக்கூடத்தில் சமைத்துக்கொண்டிருந்தாள். ஒரு நாள் ஆலையை மூடினார்கள். கூட வேலை பார்த்த பெண்கள் பள்ளிக்கூடச் சமையலுக்கும் மருத்துவமனைச் சமையலுக்கும் போனார்கள். இவள் மட்டும் இருந்த வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு ஆஸ்திரேலியாவில் ஆங்கிலம் படிக்கப் போகிறேன் என்றாள். அண்ணன் சாப்பாட்டு மேசையிலேயே சாப்ஸ்டிக்கைக் கீழே வைத்துவிட்டான்.

"இந்த வயசுல உனக்கு எதுக்கு இங்கிலீஷ்? எந்த வெள்ளைக்காரன் உனக்காகக் காத்துக்கிட்டு இருக்கான்?"

"சோறு எங்க வேணா பொங்கலாம்ண்ணா. இதுவரைக்கும் ஒரே எடத்துல பொங்கிட்டேன். இன்னொரு எடத்துல பொங்கிப் பாக்கறேன்."

அவள் கணக்கு எளிமையானது. ஒரு வருடம் மொழிப் பள்ளி. வருடக் கடைசியில் சமையல் கல்லூரியில் நேர்முகத் தேர்வு. எழுத்துத் தேர்வு கிடையாது, எதிரே உட்கார்ந்து பேச வேண்டும். பேசினால் கல்லூரி, அதற்குப் பிறகு பெரிய சமையற்கூடங்கள். பேச வராவிட்டால் விசா முடியும், மறுபடி குன்சான், மறுபடி அண்ணனின் சாப்பாட்டு மேசை. ஆகவே எப்படியாவது வாயைத் திறந்தாக வேண்டும்.

வாயைத் திறக்கத்தான் இடம் கிடைக்கவில்லை. முதலில் நகரத்தின் சன்னிபேங்க் பகுதியில் ஒரு கொரிய உணவகத்தில் சேர்ந்தாள். மாணவ விசாவுக்கு அனுமதித்த மணிநேரம் முழுவதும் அங்கேயே போயிற்று. முதலாளியம்மா கொரியா, சமையல்காரர் கொரியா, சாப்பிட வருகிறவர்களில் பாதிப்பேர் கொரியா.

"இங்கிலீஷ் படிக்கக் கடல் தாண்டி வந்து, முட்டைகோஸுக்கு உப்பு பத்தலைன்னு கொரியன்ல திட்டு வாங்கறேன். இதை ஊர்லயே சௌகரியமா வாங்கியிருக்கலாம்" என்று அவள் சொன்னதைக் கேட்டு சேரின் கட்டிலில் விழுந்து சிரித்தாள்.

சேரினுக்கு இருபத்து நாலு வயது. சியோலில் பிறந்தவள். வந்து இரண்டு வருடம் ஆகிறது. ஒரு சுஷிக் கடையில் வேலை. சிரித்து ஓய்ந்ததும் அவள்தான் சொன்னாள்: "நம்ம பஸ் ஸ்டாப் எதிர்ல ரொட்டிக் கடை இருக்குல்ல, அங்க ஆள் வேணும்னு போட்டிருக்காங்கக்கா. போய்க் கேளுங்க."

ரொட்டிக் கடைக்காரி டெனிஸ் அறுபதைத் தொட்ட பெண்மணி. மணிக்கட்டு வரை மாவு, முழங்கை வரை பச்சை குத்தல். ஓக்ஜு என்ற பெயரை இரண்டு தடவை சொல்லிப் பார்த்துவிட்டு, "ஓஜேன்னு கூப்பிடறேன், சரியா? நீ என்னை டெனிஸ்னு கூப்பிடு" என்றாள். வயதில் மூத்தவளை, அதிலும் முதலாளியை, பெயர் சொல்லிக் கூப்பிட ஓக்ஜுவின் நாக்கு எழவில்லை. "பாஸ்" என்றாள். டெனிஸ் தோளைக் குலுக்கிவிட்டுப் பின்கட்டைக் காட்டினாள்.

பின்கட்டில் தட்டுகளைத் தேய்ப்பது, மாவு மூட்டைகளை அடுக்குவது, தரையைத் துடைப்பது. கழுவும் இயந்திரம் போடுகிற சத்தத்தில் யாரும் யாரோடும் பேச முடியாது. ஆனால் சமையல் வேலையில் ஊறியவளுக்கு இடம் புதிதாக இருந்தாலும் வேலை புதிதல்ல. பின்கட்டு பளபளத்தது. தட்டுகள் அளவு வாரியாக நின்றன. மாவு மூட்டை கொண்டுவருபவர் வரும் நாளில் யாரும் சொல்லாமலே கதவு திறந்திருந்தது. டெனிஸ் கவனித்துக்கொண்டே இருந்தாள்.

ஒரு வியாழக்கிழமை, கவுண்ட்டரில் நின்ற பெண் கடற்கரை ஊருக்குப் போவதாகச் சொல்லி விலகினாள். டெனிஸ் கையைத் துடைத்துக்கொண்டே பின்கட்டுக்கு வந்தாள்.

"ஓஜே, திங்கக்கெழமையிலேர்ந்து முன்னாடி கவுண்ட்டர்ல நிக்கறியா?"

ஓக்ஜுவுக்கு நெஞ்சு ஒரு துள்ளு துள்ளியது. இதற்காகத்தானே வந்தாள். தலையைத் தாழ்த்தினாள். இரண்டு கைகளையும் முகத்துக்கு எதிரே ஆட்டினாள்.

"ஐயோ வேண்டாம் பாஸ், நான் வேண்டாம். என் இங்கிலீஷ் ரொம்ப மோசம்."

"அப்படியா? சரி, பரவால்ல, உன் இஷ்டம்" என்றாள் டெனிஸ். முன்பக்கம் போய்விட்டாள்.

ஓக்ஜு தட்டைக் கையில் பிடித்தபடி நின்றாள். முன்கதவைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

அவள் வளர்ந்த இடத்தில், கேட்ட மாத்திரத்தில் சரி என்பவளை வெட்கங்கெட்டவள் என்பார்கள். முதல் தடவை கேட்டால் மறுக்க வேண்டும். இரண்டாவது தடவை தனக்குத் தகுதியில்லை என்று முனக வேண்டும். மூன்றாவது தடவையும் வற்புறுத்திக் கேட்டால், வேறு வழியில்லாதவள்போல ஒத்துக்கொள்ள வேண்டும். ஆலையில் தலைமைச் சமையல்காரி ஆக்கியபோதுகூட அப்படித்தான் நடந்தது. மேற்பார்வையாளர் ஒரு வாரம் அலைந்து அலைந்து கேட்டார். கேட்கிறவருக்கும் தெரியும், மறுக்கிறவளுக்கும் தெரியும், வேடிக்கை பார்க்கிறவர்களுக்கும் தெரியும். யாருக்கும் அதில் குழப்பம் இருந்ததில்லை.

வெள்ளிக்கிழமை டெனிஸ் கேட்கவில்லை. "யோசிச்சுட்டு நாளைக்குக் கேப்பாங்க" என்று நினைத்துச் சனிக்கிழமை சீக்கிரமே போனாள். அன்றும் கேட்கவில்லை. திங்கட்கிழமை கவுண்ட்டரில் கமிலா நின்றுகொண்டிருந்தாள். சிலி நாட்டுப் பெண், ஓக்ஜு படிக்கும் அதே வகுப்பு. இலக்கணத்துக்கும் அவளுக்கும் பேச்சுவார்த்தையே கிடையாது. வாடிக்கையாளர்களோடு கைகால்களை ஆட்டிப் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

அன்று வீட்டில் ஓக்ஜு கடற்பாசிச் சூப்பைக் கிண்டிக்கொண்டே விஷயத்தைச் சொன்னாள். சேரின் கையிலிருந்த அலைபேசியைக் கீழே வைத்தாள்.

"என்னது! வேண்டாம்னு சொல்லிட்டீங்களா?"

"ஒரு தடவைதானேடி சொன்னேன்."

"அக்கா, அவங்க என்ன பொண்ணு பாக்கவா வந்தாங்க, நீங்க தலையைக் குனிஞ்சுக்கிட்டு நிக்க? இந்த ஊர்ல ஒரு தடவைதான் கேப்பாங்க. வேண்டாம்னா வேண்டாம்தான். அதோட முடிஞ்சுது."

"ரெண்டாந்தடவை கேக்காம விடறது மரியாதையா?"

"வேண்டாம்னு சொன்னவங்களை விடாம நச்சரிக்கறதுதான் இங்க மரியாதை இல்ல."

ஓக்ஜு கரண்டியை வைத்துவிட்டு உட்கார்ந்தாள். டெனிஸ் தன்னைக் கைவிட்டுவிட்டாள் என்று நாலு நாளாக உள்ளுக்குள் வருத்தப்பட்டுக்கொண்டிருந்தாள். டெனிஸோ இவளுக்கு மரியாதை செய்ததாக நினைத்துக்கொண்டு நிம்மதியாக மாவு பிசைந்துகொண்டிருக்கிறாள்.

"சூப்பு பொங்குதுக்கா."

"பொங்கட்டும்" என்றாள் ஓக்ஜு. "நானே போய்க் கேக்கறேன்."

சொல்லிவிட்டாளே தவிர, தனக்கு ஒன்று வேண்டும் என்று அவள் இதுவரை யாரிடமும் கேட்டதில்லை. அம்மாவிடம் கேட்டதில்லை, ஆலையில் கேட்டதில்லை, பிரிந்துபோன கணவனிடம்கூடக் கேட்டதில்லை. மறுநாள் பேருந்தில் வாக்கியத்தை எழுதித் திருத்த ஆரம்பித்தாள். பிறகு திருத்துவதை நிறுத்திவிட்டாள். சரிபார்த்து முடிப்பதற்குள் ஆசிரியர் அடுத்த பெஞ்சுக்குப் போனது ஞாபகம் வந்தது.

டெனிஸ் அடுப்பிலிருந்து தட்டை இழுத்துக்கொண்டிருந்தாள். கையில் தட்டு இருக்கும்போது எங்கும் போய்விட மாட்டாள் என்று பார்த்து, ஓக்ஜு நேரே எதிரில் போய் நின்றாள்.

"பாஸ். போன வாரம், கவுண்ட்டர், நீங்க கேட்டீங்க. நான் வேண்டாம் சொன்னேன். எங்க ஊர்ல முதல் தடவை எல்லாரும் வேண்டாம் சொல்வாங்க. நான் ரெண்டாவது தடவைக்குக் காத்திருந்தேன். நீங்க வரல. எனக்கு அந்த வேலை வேணும். ரொம்ப வேணும்."

வந்த நாளிலிருந்து அவள் ஆங்கிலத்தில் மூச்சு விடாமல் பேசியது அதுதான். எத்தனை தப்பு என்று எண்ணக்கூட இல்லை. டெனிஸ் சூட்டுத் தட்டைப் பிடித்தபடியே கேட்டு முடித்தாள்.

"கடவுளே, ஓஜே! உனக்குப் பிடிக்கலன்னு இல்ல நெனச்சேன்? இப்ப கமிலாவுக்குக் குடுத்துட்டேனே. புடுங்க முடியாது."

"புடுங்க வேண்டாம். கமிலா நல்ல பொண்ணு. வேற எது இருந்தாலும் குடுங்க."

"சனிக்கெழம காலைல இருக்கு. கால்பந்து பாக்கப் போறவன், கட்டட வேலைக்காரன், கடலுக்குப் போறவன், எல்லாரும் ஒரே நேரத்துல வந்து கத்துவாங்க. யாரும் நிக்க மாட்டேங்கறாங்க. நீ..."

"சரி" என்றாள் ஓக்ஜு. டெனிஸ் கேள்வியை முடிக்கவே இல்லை.

முதல் சனிக்கிழமை படுமோசம். கட்டட வேலைக்காரர்கள் வாயைத் திறக்காமலே பேசினார்கள். ஒருவர் கேட்டது இறைச்சி வைத்துச் சுட்ட 'பை', இவள் கொடுத்தது ஆப்பிள் வைத்தது. தக்காளிச் சாஸை ஒருவரின் கால்சட்டையில் கொட்டினாள். ஆனால் மொழிப் பள்ளியில் எழுந்து நின்று வியர்த்தவள் இங்கே வியர்த்துக்கொண்டே பேசினாள். புரியாவிட்டால் "மறுபடி சொல்லுங்க" என்றாள். அப்போதும் புரியாவிட்டால் மறுபடியும் "மறுபடி சொல்லுங்க". யார் முகம் சுளித்தாலும் விடவில்லை. வரிசையில் பின்னால் நிற்பவர்கள் பொறுமையிழந்து, முன்னால் நிற்பவருக்கு என்ன வேண்டும் என்று கோரஸாகக் கத்தினார்கள். அவளுக்கு அதுவும் பாடமாயிற்று.

ஒரு பழக்கத்தை மட்டும் அவள் விடவில்லை. எதைக் கொடுத்தாலும் இரண்டு கையாலும் கொடுப்பாள், சில்லறையானாலும், ஒற்றை ரொட்டித் துண்டானாலும். முதலில் சிரித்தவர்கள் நாளடைவில் சிமென்ட் அப்பிய தங்கள் கைகள் இரண்டையும் நீட்டி வாங்க ஆரம்பித்தார்கள். ஆரஞ்சுச் சட்டை போட்ட அந்த முரட்டு ஆட்கள் காகிதப் பையை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு போவதைப் பார்த்து டெனிஸ் அடுப்பருகே நின்று தலையை ஆட்டுவாள். "என் கடையைக் கோயிலாக்கிட்டா" என்று கமிலாவிடம் சொன்னாளாம்.

வருடக் கடைசியில் சமையல் கல்லூரியில் நேர்முகத் தேர்வு. எதிரே உட்கார்ந்திருந்தவர் மென்று மென்று பேசினார். ஓக்ஜு தயங்காமல் "மறுபடி சொல்லுங்க" என்றாள். அவர் மறுபடி சொன்னார். அவள் பதில் சொன்னாள். ஏன் சமையல் படிக்க வேண்டும் என்று கேட்டதற்கு, "எனக்கு வேணும்" என்று ஆரம்பித்தவள் நிறுத்தவே இல்லையாம். இடம் கிடைத்தது. அண்ணனுக்குச் செய்தி அனுப்பினாள். அவன் கட்டைவிரலை உயர்த்திய ஒரு பொம்மைப் படத்தை அனுப்பினான். அவனிடமிருந்து அது பெரிய பாராட்டு.

கல்லூரி தொடங்கிய பிறகும் சனிக்கிழமைகளை அவள் விடவில்லை. அந்தக் கோடையில் சுஷிக் கடை மூடப்பட்டு, சேரின் வேலை தேடிக்கொண்டிருந்தாள். ஓக்ஜு சொல்லி, ரொட்டிக் கடைப் பின்கட்டில் சேர்ந்தாள். சுறுசுறுப்பான பெண். இரண்டே வாரத்தில் டெனிஸுக்குப் பிடித்துப்போயிற்று. ஒரு சனிக்கிழமை, கூட்டம் சற்று ஓய்ந்த நேரம், டெனிஸ் பின்கட்டுக் கதவில் சாய்ந்தாள்.

"சேரின், புதன் வியாழன் கவுண்ட்டர்ல நிக்கறியா?"

இந்த ஊரில் ஒரு தடவைதான் கேட்பார்கள் என்று ஊருக்கெல்லாம் பாடம் நடத்திய சேரின், கழுவிக்கொண்டிருந்த கரண்டியைப் போட்டுவிட்டு இரண்டு கைகளையும் முகத்துக்கு எதிரே ஆட்டினாள்.

"ஐயோ, வேண்டாம், வேண்டாம்! என்னால முடியாது!"

சொன்ன அடுத்த நொடியே அவள் முகம் வெளுத்தது. பாவம், வாய் முந்திக்கொண்டது.

"அப்படியா? சரி, பரவால்..." என்று டெனிஸ் திரும்பினாள்.

கவுண்ட்டரில் ஒருவருக்கு இரண்டு கையாலும் ரொட்டியை நீட்டிக்கொண்டிருந்த ஓக்ஜு, திரும்பிப் பார்க்காமலே கத்தினாள்.

"டெனிஸ்! மறுபடி கேளு!"

டெனிஸ் நின்றாள். ஓஜே தன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதை உணர அவளுக்கு ஒரு கணம் பிடித்தது. பிறகு கையைக் கட்டிக்கொண்டு சேரின் பக்கம் திரும்பினாள்.

"கவுண்ட்டர்ல நிக்கறியா?"

"இல்ல... எனக்கு அந்த அளவுக்கு..." என்று சேரின் தரையைப் பார்த்து முனகினாள்.

"டெனிஸ், இன்னும் ஒரே ஒரு தடவை" என்றாள் ஓக்ஜு. வரிசையில் நின்ற ஆரஞ்சுச் சட்டைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள்.