பட்டுப்புழுக் கொட்டகைக்குப் பக்கத்தில் பேண்டு

சனிக்கிழமை, காலை 5.10, தடா.

ஹைவே ஓரத்தில் டீக்கடை ஒன்றுதான் திறந்திருந்தது. ஆளுக்கொரு டீ, பன்னிரண்டு ரூபாய். குடித்துவிட்டு நானும் கீதாவும் காளஹஸ்தி வழியாகத் திருப்பதி போகும் பஸ்ஸில் ஏறினோம். ஸ்ரீசிட்டியில் ஒரு கம்பெனியில் நான் லைன் சூப்பர்வைசர். கீதா என் லைனில் வேலை பார்க்கும் பெண், இருபத்து நாலு வயசு. கேட்டுக்கு உள்ளே "மேடம்", வெளியே வந்தால் "அக்கா". ராமகுப்பம் பக்கம் ஒரு மாந்தோப்பில் இரண்டு நாள் பேண்டு திருவிழா, கூடாரமும் சாப்பாடும் சேர்த்து ஆளுக்கு ஆயிரத்து இருநூறு என்று அவள்தான் டிக்கெட் போட்டாள். கூட வருவதாக இருந்த சிநேகிதி கடைசி நேரத்தில் கழன்றுகொள்ள, என் தலையில் கட்டிவிட்டாள். பேண்டு என்றால் எனக்குத் தெரிந்ததெல்லாம் கல்யாண ஊர்வலத்தில் சிவப்புக் கோட்டு போட்டுக்கொண்டு வாசிப்பவர்கள்தான். நாற்பத்தாறு வயசில் எனக்கு இது தேவையா என்று காளஹஸ்தி வரை புலம்பிக்கொண்டே வந்தேன்.

புலம்பலுக்கு இன்னொரு காரணமும் உண்டு. கீதாவின் ஆதார் ஆந்திரா விலாசம், ஆந்திரப் பெண்களுக்கு அரசு பஸ் இலவசம் என்பதால் அவளுக்கு டிக்கெட் கிடையாது. என்னுடையது கும்மிடிப்பூண்டி. கண்டக்டர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மீதி தமிழ்நாடு கதா அம்மா, டிக்கெட் தீஸ்கோவாலி" என்றார், உங்களுடையது தமிழ்நாடு ஆச்சே, டிக்கெட் எடுக்க வேண்டும் என்று. பதினோரு வருஷமாக இந்த ஊர்க் கம்பெனிக்கு உழைக்கிறேன், எனக்கு மட்டும் டிக்கெட்டா என்று கேட்டேன். மனுஷர் சிரித்துக்கொண்டே கிழித்துக் கொடுத்தார்.

7.50, திருப்பதி. இட்லி. 8.30க்குச் சித்தூர் வழியாகப் பலமனேர் போகும் எக்ஸ்பிரஸ், எனக்கு நூற்றைம்பது ரூபாய். சித்தூர் தாண்டி மொகிலி மலை ஏறும்போது ஜன்னல் காற்று சில்லென்று மாறியது. பலமனேர் மார்க்கெட்டில் தக்காளிப் பெட்டிகள் ஆள் உயரத்துக்கு அடுக்கிக் கிடந்தன. அங்கே பஸ் மாறி, வி. கோட்டாவில் இன்னொரு தடவை மாறி, ராமகுப்பம் போய் இறங்கும்போது மணி 1.10. தோப்பு அங்கிருந்து நாலு கிலோமீட்டர். ஷேர் ஆட்டோவில் ஆளுக்கு இருபது ரூபாய்.

"பாட்டு கேக்கவா வந்தீங்க?" என்றார் ஆட்டோக்காரர். "அங்க எங்கம்மா பாடறாங்க? நேத்து முழுக்க ஒருத்தன் மைக்க புடிச்சிக்கினு செக்கு, செக்குன்னே கத்திக்கினு இருந்தான். வேற ஒரு வார்த்த சொல்லல."

2.30, தோப்பு.

மாமரங்களுக்கு நடுவே திறந்த புல்வெளி. பின்னால் பெரிய பாறைக்குன்று, அதன் அடியில் மேடை. மேடைக்கு இரண்டு பக்கமும் பீரோ உயரத்துக்கு ஸ்பீக்கர்கள். ஐந்நூறு பேர் இருக்கலாம். பெங்களூர்ப் பிள்ளைகள் பாதி, மீதி திருப்பதி, சித்தூர், குப்பம். தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் ஒரே வாயில் வந்தது. முதல் பேண்டு, திருப்பதியிலிருந்து வந்த நாலு காலேஜ் பையன்கள். மெலிசாக இருந்தார்கள். இவர்கள் என்னத்தை வாசித்துவிடப் போகிறார்கள் என்று நினைத்தேன்.

டிரம்ஸ்காரப் பையன் காலால் ஒரு மிதி மிதித்தான் பாருங்கள், அது காதில் கேட்கவில்லை, நெஞ்சில் விழுந்தது. அம்மாடி! மேல்மூச்சு வாங்கிக்கொண்டு கீதாவின் கையைப் பிடித்துக்கொண்டேன். நான் சத்தத்திலேயே வேலை செய்கிறவள். மெஷின் சத்தம் எனக்குப் புதுசு இல்லை. ஆனால் அந்தச் சத்தத்துக்குள் ஆள் கிடையாது. இதில் நாலு பேர் இருந்தார்கள், ஒருத்தர் மூச்சு இன்னொருத்தருக்குத் தெரிந்திருந்தது. மூன்றாவது பாட்டில் எனக்கு அழுகை வந்துவிட்டது. ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை, அந்தத் தெலுங்குப் பாட்டில் பாதி எனக்குப் புரியக்கூட இல்லை. கீதா பார்த்துவிடப் போகிறாளே என்று முகத்தைத் துடைத்தேன். அவளும் துடைத்துக்கொண்டிருந்தாள்.

4.20. கொசு மருந்துப் புகை அடிக்கும் ஆள், மெஷினைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்தார். பக்கத்தில் ஏரி. இருட்டினால் கொசு பிய்த்துவிடும் என்று விழாவை நடத்தும் விவேக் சொல்லி அனுப்பியிருந்தார். விவேக் முப்பது வயசுப் பெங்களூர்க்காரர், ஒரு வாரமாகத் தூங்காத முகம். மெஷின் உறுமி முதல் புகை வந்ததுதான் தாமதம், வேலியைத் தாண்டி ஒரு பெண் ஓடி வந்தாள். செருப்பு இல்லை. புடவையைத் தூக்கிச் செருகியிருந்தாள்.

"அடிக்காதீங்கண்ணா! நிறுத்துங்கண்ணா! எம்புழு எல்லாம் செத்துப்பூடும்!"

அவள் பெயர் பாக்கியம். வேலிக்கு அந்தப் பக்கம் மல்பெரித் தோட்டமும் பட்டுப்புழு வளர்க்கும் கொட்டகையும் அவளுடையவை. காற்று அந்தப் பக்கம்தான் அடித்துக்கொண்டிருந்தது. விவேக் ஓடி வந்து, இது வெறும் கொசு மருந்துதானம்மா, மனுஷனுக்கு ஒன்றும் செய்யாது என்று விளக்கினார்.

"உனக்கு ஒண்ணும் ஆவாது நைனா," என்றாள் அவள். "புழுவுக்கு ஆவும். கொசுவுக்கு ஆவுறது புழுவுக்கும் ஆவும். நாங்க வீட்ல கொசுவத்தி கூட ஏத்தறது இல்ல."

போன தடவை நோய் வந்து வளர்த்த புழுவையெல்லாம் வாரிக் கொட்டிவிட்டாளாம். இந்தத் தடவையும் போனால் மல்பெரியைப் பிடுங்கிவிட்டுத் தக்காளி வைத்துவிடுவேன் என்று வீட்டுக்காரர் சொல்லியிருக்கிறார். நாலு ஜுரமும் தாண்டி, இன்றோ நாளையோ கூடு கட்டப்போகிற புழு. புழு தோல் உரிப்பதை இங்கே ஜுரம் என்கிறார்கள்.

விவேக் திணறிப்போனார். கொசு கடித்தால் ஜனம் கிளம்பிப் போய்விடும், அவருடைய முதல் விழாவும் கடைசி விழாவும் இதுவே ஆகிவிடும். அப்போது பக்கத்தில் நின்ற ஒரு பெண், "முதல்ல போய்ப் பாப்போம்" என்றாள். அவள் ஜோதி. "மொகிலி வளைவு" என்ற சித்தூர் பேண்டின் பாடகி, ஞாயிறு சாயங்காலம் கடைசியாகப் பாட இருந்தவள். அவளும் விவேக்கும் நடந்தார்கள். நானும் போனேன். என்னை யாரும் கூப்பிடவில்லை, சும்மா இருக்க முடியாதே எனக்கு.

கொட்டகை வாசலில் செருப்பைக் கழற்றி, சுண்ணாம்புத்தூளை மிதித்து, கையைக் கழுவி உள்ளே போனோம். மூன்று அடுக்குத் தட்டுகள், நீளத்துக்கு. மல்பெரிக் கிளைகளின் மேல் விரல் நீளத்துக்கு வெள்ளைப் புழுக்கள், ஆயிரம் ஆயிரமாய். எனக்கு முதலில் உடம்பு கூசியது. அப்புறம்தான் காதில் விழுந்தது. வெளியே மழை பெய்கிறதா என்று கதவைத் திரும்பிப் பார்த்தேன், வெயில் காய்ந்துகொண்டிருந்தது. புழுக்கள் இலை தின்கிற சத்தம் அது. அத்தனை வாயும் சேர்ந்து ஓட்டுக்கூரையில் தூறல் விழுகிற மாதிரி ஒரே சீராகக் கேட்டது. ஜோதி கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். மத்தியானம் நெஞ்சில் விழுந்த அந்தச் சத்தத்துக்கு எப்படிச் சிலிர்த்தேனோ, அதே சிலிர்ப்பு எனக்கு இங்கேயும் வந்தது.

"எங்க ஸ்பீக்கர் சத்தம் புழுவ ஒண்ணும் பண்ணாதா?" என்று பாக்கியத்திடம் கேட்டேன்.

"அதுக்கு ஒண்ணும் ஆவல. நேத்துலேர்ந்து பாத்துக்கினுதான் கீறேன். நீங்க அடிக்கிற அடிக்கும் அது துன்னுக்கினேதான் கீது. புகைதான் ஆவாது."

5.30க்கு ஜோதியே மைக்கைப் பிடித்தாள். புகை கிடையாது, கொசுவத்தி கிடையாது, ஸ்ப்ரே கிடையாது, மேடைப் புகையும் கிடையாது, பக்கத்துக் கொட்டகையில் ஒரு அக்காவின் உயிரே இருக்கிறது என்று மூன்று மொழியிலும் சொன்னாள். "அப்போ கொசு?" என்று பின்னாலிருந்து ஒருவன் கத்தினான். "கடிக்கட்டும்" என்றாள். கூட்டம் சிரித்துவிட்டது. ஒருவர் கூடக் கிளம்பவில்லை.

கடித்தது ஐயா, கடித்தது. துப்பட்டா, லுங்கி, கூடாரத் துணி, கையில் கிடைத்ததையெல்லாம் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தோம். அன்று மாலை வாசித்த பெங்களூர் பேண்டு ஆறு பேர், மூன்று பேர் கையில் பித்தளை ஊதுகருவி. ஒன்றை நீட்டி நீட்டி இழுத்து ஊதியவர் கொசு உட்கார்ந்த மூக்கோடு ஒரு பாட்டை முடித்தார், ஒரு சுரம் தப்பவில்லை. பாறைக்குன்றில் பட்டுத் திரும்பி வந்த அந்த ஊதலைக் கேட்டு எல்லோரும் எழுந்து நின்றோம். கைதட்டலில் பாதி கொசுவுக்கு விழுந்தது என்பது வேறு விஷயம்.

ஞாயிறு, காலை 9.00. எல்லார் முகமும் வீங்கியிருந்தது. பொங்கல் வாங்க வரிசையில் நிற்கும்போது வேலியோரம் பாக்கியம் கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். புழு எல்லாம் ஒருசேரப் பழுத்துவிட்டது. பழுத்த புழு தீனியை விட்டுவிடும், உடம்பு மஞ்சளாகி வெளிச்சம் ஊடுருவும். அதைப் பொறுக்கிச் சந்திரிகையில் விட்டால்தான் கூடு கட்டும். சந்திரிகை என்பது மூங்கில் பத்தையை வளைத்து வளைத்துப் பின்னிய தட்டு. பொறுக்க வருவதாகச் சொன்ன ஐந்து பெண்களும் விழாச் சமையலுக்கு வேலைக்குப் போய்விட்டார்கள்! தப்பு நம் பக்கம்தான்.

"நான் வரேன்" என்றேன். ஜோதி, அவளுடைய டிரம்ஸ்காரர், இன்னும் பத்துப் பேர் வந்தார்கள். வாசலிலேயே பாக்கியம் ஒவ்வொருவரையும் முகர்ந்து பார்த்தாள். "சென்ட் போட்டவங்க வேணாம்" என்று கீதாவைத் திருப்பி அனுப்பிவிட்டாள். என் லைனில் நான் கூட இவ்வளவு கறார் கிடையாது. லைனில் பதினோரு வருஷம் பழுதான சரக்கைப் பார்த்துப் பொறுக்கிய கை அன்று எனக்கு உதவியது. புழு குளிர்ச்சியாக, மெத்தென்று இருந்தது. விட்ட இடத்தில் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டி, கண்ணுக்குத் தெரியாத நூலை எடுத்துக் கட்ட ஆரம்பித்தது. யார் சொல்லிக்கொடுத்தது இதற்கு? நான் வேலையை மறந்து பார்த்துக்கொண்டே நின்றேன், பாக்கியம் அதட்டினாள். 2.30க்குக் கடைசித் தட்டும் காலி. கொட்டகையில் அந்த மழைச் சத்தம் நின்றுபோயிருந்தது.

"கடைசி எட்டு நாளா ராவு பகல் எல போட்டுக்கினே இருந்தேன்க்கா. தூக்கமே இல்ல," என்றாள் பாக்கியம். "இனிமே அதுக்கு நான் வேணாம்." சொல்லிவிட்டுச் சிரித்தாள். வந்ததிலிருந்து அவள் சிரித்து அப்போதுதான் பார்த்தேன்.

4.00. "மொகிலி வளைவு" மேடை ஏறியது. ஜோதி கையில் இன்னும் மல்பெரிக் கறை. பாக்கியத்தை நான்தான் இழுத்து வந்து முன்வரிசையில், ஸ்பீக்கருக்கு நேர் எதிரே புல்லில் உட்கார வைத்தேன். ஜோதி தமிழில் தொடங்கித் தெலுங்கில் முடிக்கிறாள், ஒரே வரியில். சித்தூர் சந்தையில் பேசுகிற மாதிரிதான் பாட்டும். கிட்டார் இரைய, டிரம்ஸ் அடித்த அடியில் என் பக்கத்துத் தண்ணீர் பாட்டில் குதித்தது. முதல் பாட்டு பாதியில் பாக்கியத்தின் தலை என் தோளில் விழுந்தது. பார்த்தால், தூங்கிவிட்டாள். மெதுவாகப் புல்லில் சாய்த்தேன். வாயைத் திறந்துகொண்டு குறட்டை. அந்த இடி இடிக்கிற சத்தத்துக்கு நடுவே! பாட்டுக்கும் பாட்டுக்கும் இடையில் கூட அவர்கள் நிறுத்தவில்லை, டிரம்ஸ் அடியிலேயே அடுத்த பாட்டுக்குப் போய்விட்டார்கள்.

5.30க்கு முடிக்க வேண்டும். ராமகுப்பத்தில் எங்கள் கடைசி பஸ் 6.15. ஜோதி கடைசிப் பாட்டை முடிக்கக் கையைத் தூக்கியபோது கீழே பாக்கியத்தைப் பார்த்தாள். ஐயோ, தொந்தரவு செய்கிறோமே என்று சத்தத்தைக் குறைக்கச் சொல்லிச் சைகை காட்டினாள். எனக்குப் பதறிவிட்டது. என் லைனில் நைட் ஷிஃப்ட் பிள்ளைகள் மெஷின் பக்கத்தில் அப்படித்தான் கண்ணசந்து போவார்கள். மெஷின் ஓடுகிற வரைக்கும் அசைய மாட்டார்கள், நின்றால் திடுக்கிட்டு எழுந்துவிடுவார்கள். எழுந்து நின்று கத்தினேன்: "நிறுத்தாதீங்க! நிறுத்தினா எழுந்துடுவா!"

ஜோதிக்குப் புரிந்துவிட்டது. திரும்பி டிரம்ஸ்காரரிடம் ஏதோ சொன்னாள். அந்தப் பாட்டு முடியவே இல்லை. சுற்றிச் சுற்றி வந்தது, ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் மாறிக்கொண்டு. விவேக் மணியைப் பார்த்தார், பாக்கியத்தைப் பார்த்தார், மேடையோரம் உட்கார்ந்துவிட்டார். விஷயம் பின்வரிசை வரை பரவி, ஐந்நூறு பேரும் கைதட்டாமல், ஆடாமல், ஒருத்தி தூங்குவதற்காகக் கேட்டுக்கொண்டிருந்தோம். இருட்டத் தொடங்கியதும் கொசு வந்தது. கீதா தன் துப்பட்டாவால் பாக்கியத்தின் முகத்துக்கு மேலே விசிறிக்கொண்டே இருந்தாள். பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று அவளும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

ஒரு மணி நேரம் தாண்டியிருக்கும். டிரம்ஸ்காரருக்குக் கை ஓய்ந்து, ஒரு குச்சி நழுவிக் கீழே விழுந்தது. சத்தம் நின்றது. பாக்கியம் திடுக்கிட்டு எழுந்து உட்கார்ந்தாள். தலையில் ஒட்டிய புல்லைத் தட்டினாள். மேடையைப் பார்த்தாள், எங்களைப் பார்த்தாள்.

"இன்னும் ஆரம்பிக்கலியா?" என்றாள்.

யாருக்கும் சிரிக்கத் தோன்றவில்லை. ஜோதி மைக்கருகே வந்து, "இதோ ஆரம்பிக்கிறோம்க்கா" என்றாள். டிரம்ஸ்காரர் குனிந்து குச்சியை எடுத்தார். முதல் பாட்டை முதலிலிருந்து தொடங்கினார்கள்.