கால்வாயில் வந்த சருகுச் சத்தம்

அக்கா மகள் ஜெனி மலையேறிவிட்டு வந்து, போனில் படங்களைக் காட்டிக்கொண்டிருந்தாள். முற்றத்தில் யாரோ ரப்பர் மரச் சருகைப் பெருக்கினார்கள். அந்தச் சரசரப்பைக் கேட்டதும் நான் படங்களைப் பார்ப்பதை விட்டுவிட்டேன்.

தொண்ணூறுகளின் கோடைகளில் எங்கள் ஊர் ஆரியங்கோட்டில் வறண்ட கால்வாய்தான் எங்களுக்கு வழி. ஒருநாள் அக்காவும் நானும் அதில் இறங்கி, சாலைக்கு அடியில் போகும் சுரங்கத்துக்குள் நடந்தோம். இருட்டில் வௌவால் எச்சம் நாறியது. பாதி தூரத்தில் பின்னாலிருந்து சரசரவென்று ஏதோ வந்தது.

"நாயாக்கும்," என்றேன்.

அக்கா நின்று கேட்டாள். "நாயில்ல மக்கா. அணை ஷட்டர் திறந்தாச்சு. வெள்ளம் சருகத் தள்ளிட்டு வருது. ஓடு."

சுரங்கத்தைத் தாண்டியதும் இருபுறமும் என்னைவிட உயரமான சுவர். அக்கா என்னைத் தோளில் ஏற்றி மேலே தள்ளினாள். திரும்பிப் பார்த்தேன். சருகும் தவளைகளும் சுழலும் தண்ணீர் அவள் இடுப்புக்கு ஏறியிருந்தது.

அவள் எப்படிக் கரையேறினாள் என்பது எனக்கு நினைவில்லை. கேட்டால், "நீ கை தந்தியா, வேரப் பிடிச்சேனா, ஓர்மையில்ல" என்கிறாள்.

"மலைக்குப் போனதையெல்லாம் எழுதி வை," என்றேன் ஜெனியிடம்.

"எல்லாம் போட்டோவில உண்டு சித்தி."

"பயந்தது உண்டா?"

அவள் சமையலறைப் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "ஒரு பாறையில கால் வழுக்கிட்டு. அம்மைட்ட சொல்லல்ல."

போனில் ஒலிப்பதிவை அழுத்தி அவள் முன்னால் வைத்தேன்.

"யாரு உன் கையப் பிடிச்சா? அதச் சொல்லு முதல்ல."