தங்கைக்கு விழுந்த மதிப்பெண்

நான் நானூறு மீட்டர் ஓடியவன். என் தங்கை ஜிம்னாஸ்டிக்ஸ் செய்தவள். லிங்கராஜபுரத்து இரண்டு அறை வாடகை வீட்டில் முதலில் தோற்றது நான்தான். மாநில அணிக்குத் தேவையான நேரத்தைக் கண் இமைக்கும் அளவில் தவறவிட்டேன். கோலாரில் சுரங்கம் மூடியபின் இங்கே வந்து ஒரு கம்பெனி வாசலில் செக்யூரிட்டியாக நின்ற அப்பா, டைம் எடுக்கிற மெஷின் பொய் சொல்லாது என்றார். இரண்டு நாள் சுருண்டு கிடந்துவிட்டு எழுந்து வேலை தேடப் போனேன். யார் மேலும் எனக்குக் கோபம் இல்லை.

தங்கையின் தோல்வி அடுத்த வருடம் வந்தது. அவளுக்கு அப்போது பதினேழு வயது. ஆறு வயதில் ஆரம்பித்தவள். பள்ளிக்கு முன்னால் ஒரு முறை, பின்னால் ஒரு முறை என்று இரண்டு பஸ் மாறிப் பயிற்சிக்குப் போவாள். உள்ளங்கை காய்த்துப்போய், சாம்பார் சூடுகூட உறைக்காது அவளுக்கு. தேசியப் போட்டிக்கான அணித் தேர்வுக்கு நானும் கூடப் போனேன். அவள் செய்வதைப் பார்க்க நான் போனது அந்த ஒரு முறைதான். அதற்கு முன்பெல்லாம் எனக்கு என் ஓட்டம் இருந்தது.

நான்கு அங்குல அகலமே உள்ள பீம் என்கிற கட்டை மேல் நடந்து, குதித்து, கரணம் போட்டு இறங்கினாள். விழவில்லை, தடுமாறவும் இல்லை. கைதட்டல்கூட வந்தது. ஆனால் அணியில் கடைசி இடம் அவளுக்குப் பின்னால் ஏறிய பெண்ணுக்குப் போனது. இடைவெளி ஒரு புள்ளியில் கால்வாசி இருக்கும்.

நான் நேராக நடுவர்களிடம் போனேன். அப்படிப் போகக்கூடாது என்று தெரியாது. நடுத்தர வயதுப் பெண்மணி ஒருவர் காகிதங்களை அடுக்கிக்கொண்டே கன்னடத்தில் பொறுமையாகப் பதில் சொன்னார். பெரிய தப்பு எதுவும் இல்லையாம். மற்றப் பெண்ணின் அசைவில் இன்னும் கொஞ்சம் நயம் இருந்ததாம். எங்கே, எந்த இடத்தில் என்று கேட்டேன். மொத்தமாகப் பார்க்கும்போது தெரியும் என்றார். கெட்டவர் மாதிரி தெரியவில்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

வெளியே படிக்கட்டில் தங்கை பையை மடியில் வைத்து அழுதுகொண்டு உட்கார்ந்திருந்தாள். உன்மேல் தப்பே இல்லையாம் என்று சொன்னேன்.

"அப்ப ஏண்ணா?" என்று கேட்டாள்.

ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டு சொன்னேன்: "யாரோ உக்காந்து மார்க் போடறதெல்லாம் ஒரு விளையாட்டா? இதுக்குப் போயி அழுவியா?"

அவள் அழுகையை நிறுத்திவிட்டாள். நான் சமாதானம் செய்துவிட்டதாகவே நினைத்தேன். மறுநாள் அவள் பயிற்சிக்குப் போகவில்லை. அதற்கு மறுநாளும் போகவில்லை. கோச் இரண்டு வாரம் போன் செய்துகொண்டே இருந்தார். பிறகு அவரும் விட்டுவிட்டார். அவள் பி.காம். சேர்ந்தாள், வேலைக்குப் போனாள், கல்யாணமாகி ஓசூருக்குப் போனாள்.

போன ஒலிம்பிக்ஸ் சமயத்தில் என் ஆபீஸ் கேண்டீனில் ஒரு வாக்குவாதம். கடிகாரமும் அளவுநாடாவும் தீர்மானிக்கிற விளையாட்டு மட்டும் இருந்தால் போதும், மார்க் போடுகிற ஐட்டங்களை எல்லாம் தூக்கிவிட வேண்டும் என்றார் ஒருவர். ஓடியவன் என்பதால் என்னையும் கேட்டார்கள். அதுவும் விளையாட்டுதான், இருக்கட்டும் என்றேன். அந்த ஞாயிற்றுக்கிழமை தங்கை எங்கள் வீட்டுக்கு வந்திருந்தபோது, அவளுக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று இதைச் சொன்னேன்.

அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். "மார்க் கம்மியா போட்டவங்ககூட அது விளையாட்டு இல்லன்னு சொல்லலண்ணா. நீதான் சொன்ன" என்றாள். குரலில் கோபமே இல்லை.

சாயங்காலம் அவளைப் பஸ் ஏற்றப் போனபோது மன்னிப்புக் கேட்டேன். தெரியாமல் சொல்லிவிட்டேன் என்றேன். பஸ் வருகிற திசையைப் பார்த்தபடியே சொன்னாள்:

"அன்னிக்கு மார்க்க விடு. நான் நல்லா பண்ணேனா இல்லயா? அத நீ சொல்லவே இல்ல."

ரொம்ப நல்லா பண்ணே என்றேன். அவள் தலையாட்டினாள். பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டாள்.

நான் சொன்னது பொய். அவள் பீம் மேல் இருந்த ஒன்றரை நிமிடத்தில் பாதிக்கு மேல் நான் அவளைப் பார்க்கவில்லை. நடுவர்களின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன், யார் பேனாவை எப்போது எடுக்கிறார்கள் என்று. முழுதாக, இமைக்காமல் அவளைப் பார்த்தது அந்த மேசையில் உட்கார்ந்திருந்தவர்கள்தான். அவர்கள் போட்டது சரியா தவறா என்று சொல்ல எனக்கு எந்தத் தகுதியும் இல்லை. குதித்தது, கரணம் போட்டது எல்லாம் பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டது. அவள் கைகளை விரித்து நின்றது மட்டும் ஞாபகம் இருக்கிறது. அதற்குப் பிறகு என்ன செய்தாள் என்று எவ்வளவு யோசித்தாலும் வரவில்லை.