ஆயுத பூஜைக்குப் போய்வந்த ரிவால்வர்

உலகச் சண்டைக் காலத்தில் விழுப்புரத்தில் துப்பாக்கி பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தேன். திண்டிவனத்து மல்லாட்டை எண்ணெய் மில் முதலாளி ஒருவர், குழல் முன்னால் கீழே மடங்கித் திறக்கும் பழைய ரிவால்வரைக் கொண்டுவந்து, "எந்தக் காலத்துதுன்னு பாத்துச் சொல்லுங்க" என்றார்.

அந்த வகையில் குழலின் முதுகில் கம்பெனிப் பெயரும் வருஷமும் பொறித்திருக்கும். இதில் மொழுமொழுவென்று இருந்தது. ஆயுத பூஜை தவறாமல் புளியும் செங்கல் பொடியும் போட்டுத் தேய்த்தே அழித்திருக்கிறார்கள். தாழ்ப்பாள் இடுக்கில் சந்தனம் வேறு காய்ந்து கிடந்தது. அதைச் சுரண்டித் திறப்பதற்குள் எனக்குக் கை விட்டுப்போயிற்று.

கடைசியில் கைப்பிடி மரத்தைக் கழற்றினேன். அடியில், துருவுக்குள் ஓர் எண் மங்கலாகத் தெரிந்தது.

"காலத்தைச் சொல்ல இது ஒண்ணுதாங்க மிச்சம். எண்ணெயில ஊறினாத்தான் படிக்க முடியும். விட்டுட்டுப் போங்க."

"நாளைக்கு பூஜை, இது இல்லாம எப்படிங்க படைக்கிறது? முடிஞ்சதும் கொண்டாறேன்" என்று எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

சொன்னபடியே வந்தார். தானே கைப்பிடியைக் கழற்றிக் காட்டினார்.

"நீங்க காட்டினப்பதான் உள்ள இவ்ளோ அழுக்குன்னு தெரிஞ்சுதுங்க. உப்புத்தாள் போட்டு ராவெல்லாம் தேச்சிக்கினு இருந்தேன். பாருங்க!"

பார்த்தேன். எண் இருந்த இடத்தில் என் முகம்தான் தெரிந்தது.