கேட்டுவிட்டுத் தோண்டுகிறவள்

"இந்த நாட்டுல குப்பை போடறதுக்கு ஊரெல்லாம் எடமிருக்கு. குழி தோண்ட மட்டும் ஒரு சாண் எடம் கெடையாது."

லொரெய்ன் தர்க்கெட்டில் இதைக் காலையில் டீ போடும்போது சொல்வாள். மத்தியானம் துணி உலர்த்தும்போது சொல்வாள். கணவன் கிளைவ் டிவியில் கால்பந்து பார்க்கும்போது குறுக்கே வந்து நின்று சொல்வாள். அவள் இடுப்புக்கு அந்தப் பக்கம் தெரிகிற திரையைப் பார்த்தபடியே கிளைவ் "ஆமா ஆமா" என்பான். கிளைவைப் பொறுத்தவரை அது பேச்சுவார்த்தை.

எல்லாம் ஒரு பன்றித் தொடையால் வந்தது. ஊர் மன்றத்துக் கூரை ஒழுகுகிறது என்று குலுக்கல் நடத்தினார்கள். முதல் பரிசு, உப்பிட்டுப் பதப்படுத்திய முழுப் பன்றித் தொடை. அதைக் குறிவைத்துத்தான் லொரெய்ன் சீட்டு வாங்கினாள். அவளுக்கு விழுந்ததோ மூன்றாம் பரிசு, ஒரு மெட்டல் டிடெக்டர். நீளக் கம்பு, நுனியில் தட்டு, தரைக்கடியில் ஏதாவது உலோகம் கிடந்தால் கீச்சென்று கத்தும். "இத அவிச்சுத் திங்க முடியுமா?" என்று மேடையிலேயே கேட்டாள்.

ஆனால் வீட்டுக்கு வந்ததும் அதற்கு ஒரு உபயோகம் கிடைத்தது. பள்ளிக்கூடச் சமையலறையில் காலமெல்லாம் நின்று நின்று அவள் முட்டி இரண்டும் போயிருந்தன. ஓய்வு பெற்றதும் டாக்டர் தினமும் நடக்கச் சொன்னார். "சும்மா நடக்கறதுக்கு நான் என்ன நாயா?" என்று அதுவரை உட்கார்ந்தே இருந்தவள், கையில் கம்பு வந்ததும் எழுந்தாள். தேடுவதென்றால் அவள் நடப்பாள். அந்த நடைக்கு ஒரு இடம் வேண்டும், அவ்வளவுதான் அவள் ஆசை.

முதல் நாள் ஊர் நடுவில் இருக்கிற புல்வெளிக்குப் போனாள். கம்பு ஒரு தடவை கத்துவதற்குள் பஞ்சாயத்து எழுத்தர் சைக்கிளில் வந்து இறங்கினார்.

"என்ன பண்றே, லொரெய்ன்?"

"பாத்தா தெரியல? தேடறேன்."

"இங்க தேடக் கூடாதும்மா."

"பொது எடந்தானே?"

"பொது எடம்னா உக்காரலாம், நடக்கலாம். நோண்டலாம்னு யாரு சொன்னா? எடம் பஞ்சாயத்தோடது. கமிட்டி கூடிச் சொல்லணும்."

கமிட்டி கூடியது. டீயும் பிஸ்கட்டும் தீர்ந்த பிறகு, புது விதை தூவியிருப்பதால் அனுமதி கிடையாது என்றது. அந்தப் புது விதையின் லட்சணத்தைத்தான் பார்க்க வேண்டும். சனிக்கிழமை இரவு விடிந்தால் அங்கே பீர் டப்பா, எண்ணெய் ஊறிய சிப்ஸ் காகிதம், எவனோ எடுத்த வாந்தி. நாய் வளர்க்கிற மகராசிகள் அதன் பீயைப் பையில் கட்டி, பையை மரக்கிளையில் மாட்டிவிட்டுப் போகிறார்கள், கிறிஸ்துமஸ் ஜோடனை மாதிரி. சீ! அதற்கெல்லாம் எந்தக் கமிட்டியும் கூடுவதில்லை.

பிறகு வயல் நடுவே போகிற பொது நடைபாதை. அதில் நடக்கத்தான் உரிமை, பாதைக்கடியில் இருக்கிற மண் வயல்காரனுடையது என்று தெரிந்தது. பழைய மடாலயத்தின் இடிபாடு பாதுகாக்கப்பட்ட இடம். அங்கே கம்போடு நின்றாலே குற்றம் என்று பலகையே இருக்கிறது. கடற்கரையில் ஒரு துண்டு அறக்கட்டளைக்காரர்களுடையது, கூடாது. அடுத்த துண்டில் தடையில்லை என்றார்கள். ஆசையாகப் போனாள். கிடைத்தவை: அலையில் ஊறி உப்பிப்போன குழந்தை டயபர், அதை மூடியிருந்த மணலுக்குள் ஒரு சாசேஜ் டின். டயபரை எடுக்காமல் டின்னை எடுக்க முடியவில்லை. அன்றைக்கு அவள் மத்தியானச் சாப்பாடு சாப்பிடவில்லை.

பப்பில் ரோனி பன் என்கிறவன் இதைக் கேட்டுச் சிரித்தான். அவனிடமும் ஒரு டிடெக்டர் உண்டு. அவன் எங்கே போய்த் தேடுகிறான் என்று மட்டும் யாருக்கும் தெரியாது.

"நீ ஏன் போய்ப் போய்க் கேக்கற? கேட்டாத்தானே இல்லம்பாங்க. கேக்காத. அவங்க சந்தைக்குப் போற நாளாப் பாத்து வேலியத் தாண்டிப் போ."

"அப்ப நீ இல்லாதப்ப நான் உன் வீட்டுக்குள்ள வந்து அலமாரிய நோண்டட்டுமா?"

"என் அலமாரியில என்ன இருக்கு? பழைய ஜட்டிதான் இருக்கு."

"தெரியும். கொடியில பாத்திருக்கேன். அத எடுக்க இடுக்கி வேணும்."

எல்லாரும் சிரித்தார்கள், ரோனியும் சிரித்தான். லொரெய்ன் சிரிக்கவில்லை.

அடுத்து அவள் பண்ணை வீட்டுக் கதவுகளைத் தட்ட ஆரம்பித்தாள். முதல் தப்பு, அறுவடை நேரத்தில் போனது. அறுப்பு இயந்திரத்தின் மேலேயிருந்து ஒருவன் கத்தியதை என்னால் இங்கே எழுத முடியாது. இன்னொரு வீட்டில் நாய்தான் பேசியது. வேறொருவர், "குழியில விழுந்து காலக் கீல ஒடச்சுகிட்டா யாரு பொறுப்பு?" என்றார். அது நியாயமாகப் பட்டதால், அப்படி ஏதாவது ஆனால் ஈடு கொடுக்கிற ஒரு சங்கத்தில் சேர்ந்தாள். அறுவடை முடியட்டும் என்று காத்திருந்து, கடைசியாக லார்ட்டர் பண்ணைக்குப் போனாள். டெரிக் லார்ட்டர் நல்ல மனிதர்.

"எனக்கு ஆட்சேபணை இல்லம்மா," என்றார். "ஹிலரிய ஒரு வார்த்த கேட்டுக்கோ."

இந்த ஊரில் பண்ணை ஆணுடையது, முடிவு அவன் பெண்டாட்டியுடையது. ஹிலரி மாவுக் கையோடு வாசலுக்கு வந்தாள். அவள் பிள்ளைகள் இரண்டுக்கும் பள்ளிக்கூடத்தில் சோறு போட்டவள்தான் லொரெய்ன்.

"மாட்டேன், லொரெய்ன். உன்மேல ஒண்ணும் கோவமில்ல. ஆனா முன்னாடி வந்தவனுங்களும் உன்ன மாதிரியேதான் சிரிச்சுகிட்டு வந்து நின்னானுங்க. போகும்போது கேட்டத் தொறந்து போட்டுட்டுப் போயிட்டானுங்க. எங்க மாடு மொத்தமும் மெயின் ரோட்டுல. குழி ஒண்ணு மூடல."

"நான் மூடுவேன்."

"எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க."

லொரெய்னுக்கு அவமானமாக இருந்தது. நேராக வீட்டுக்கு வந்தவள் கொல்லைப்புறத்தில் நின்று யோசித்தாள். யாரையும் கேட்க வேண்டாத மண் ஒன்று இருக்கிறது, தன்னுடைய மண். என்ன, அது கிளைவின் புல்வெளி. பெண்டாட்டி முகத்தைவிட அதை உற்றுப் பார்க்கிறவன் அவன். ஆகவே அவன் கடைக்குப் போகிற நேரமாகப் பார்த்துத் தோண்டினாள். புல்லை மூன்று பக்கம் வெட்டி, நாலாவது பக்கத்தைக் கீல் மாதிரி விட்டு, மூடியைத் தூக்குவது போலத் தூக்கினாள். கிளறிய மண்ணைப் பழைய துண்டில் கொட்டி, வேலை முடிந்ததும் அதே மண்ணைத் திரும்பப் போட்டாள். மூடியைக் கவிழ்த்து மிதித்து, தண்ணீர் தெளித்தாள். முதலில் செய்தவை கேவலமாக இருந்தன. எலி தோண்டியது என்று கிளைவிடம் சொல்லி, அவன் எலிப்பொறி வைத்ததைப் பார்த்துக்கொண்டிருந்தாள். போகப் போக அவனுக்கு எதுவுமே தெரியவில்லை.

கிடைத்ததெல்லாம் குமட்டல். துருப்பிடித்த ஆணி, டின் மூடி, எவனோ துப்பிய பல்லின் உலோகத் தொப்பி. ஒரு நாள் சின்ன மணி ஒன்று கத்திக் கூப்பிட்டது. எடுத்துப் பார்த்தால் கழுத்துப்பட்டி. பட்டிக்குள் கழுத்தெலும்பு. முன்னே குடியிருந்தவர்களின் பூனை. மன்னிப்புக் கேட்டுக்கொண்டு அதை அப்படியே திரும்பப் புதைத்துவிட்டு, மூன்று தடவை சோப்புப் போட்டுக் கை கழுவினாள்.

இப்படி இருக்கும்போது, இலையெல்லாம் கொட்டி முடிந்த ஒரு காலையில் ஊரே பேச ஆரம்பித்தது. லார்ட்டருடைய ஆட்டு மேய்ச்சலில் எவனோ இரவோடு இரவாகக் குழி குழியாகத் தோண்டிப் போட்டிருக்கிறான். ஒன்றையும் மூடவில்லை. சினையாடு ஒன்று அதில் கால் வைத்து, எலும்பு வெளியே வந்து, விடியும்வரை கத்தியிருக்கிறது. டெரிக்கே அதைச் சுட வேண்டியதாயிற்று. எடுத்தது என்ன மயிரோ தெரியாது. பக்கத்தில் சிகரெட் துண்டும் பாதி தின்ற பன்னும் கிடந்தனவாம். ஒரு உயிர் போகிற குழி பக்கத்தில் உட்கார்ந்து பன் தின்றிருக்கிறான்!

ஊருக்கு யோசிக்க நேரமில்லை. கம்போடு வீடு வீடாகப் போய்க் கேட்டவள் ஒருத்திதான். லொரெய்ன் ரொட்டி வாங்கக் கடைக்குள் நுழைந்ததும் பேச்சு நின்றது. அவள் கையால் கஸ்டர்ட் வாங்கிக் குடித்து வளர்ந்த பெண் ஒருத்தி, முகத்தைத் திருப்பிக்கொண்டு ஜாம் பாட்டிலில் எழுதியிருந்ததைப் படித்தாள். வெளியே ரோனி பன் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றான்.

"நான் சொன்னேன்ல, கேக்காதன்னு. இப்பப் பாரு, கேட்டதாலதான் உன் பேரு அடிபடுது."

அவன் சொன்னது உண்மை. அதுதான் அவளுக்கு அருவருப்பாக இருந்தது. இத்தனை வருஷம் ஊர்ப் பிள்ளைகளுக்குச் சோறு போட்ட கை, ஒரு நாளில் திருட்டுக் கையாகிவிட்டது.

அன்று மத்தியானம் ஹிலரி லார்ட்டர் பக்கவாட்டுக் கதவைத் தள்ளிக்கொண்டு நேராகக் கொல்லைப்புறத்துக்கே வந்துவிட்டாள். கிளைவ் கையில் டீக் கோப்பையோடு உறைந்து நின்றான்.

"உனக்கு நான் இல்லன்னு சொன்னது அவ்வளவு ஆத்திரமா, லொரெய்ன்?"

"நான் இல்ல, ஹிலரி."

"ஆடு செத்துப்போச்சு, தெரியுமா? வயித்துல ரெண்டு குட்டி."

"தெரியும். ஆனா நான் இல்ல."

"அப்ப யாரு?"

"கண்ணால பாக்காதத நான் சொல்ல மாட்டேன். என்னப் பத்தி நீ பாக்காமச் சொல்ற பாரு, அந்த மாதிரி என்னால முடியாது."

ஹிலரியின் முகம் சிவந்தது. "எல்லாரும் குழி தோண்டறவங்கதானே? ஒரு குழிக்கும் இன்னொரு குழிக்கும் என்ன பெரிய வித்தியாசம்?"

"என் குழிய நீ பாத்திருக்கியா?"

"எங்க பாக்கறது?"

"நீ நிக்கற எடத்துல."

ஹிலரி குனிந்து காலடியைப் பார்த்தாள். புல். இரண்டடி தள்ளிப் போய்ப் பார்த்தாள். புல். பாவாடை ஈரமாவதைப் பற்றிக் கவலைப்படாமல் மண்டியிட்டு, ஆட்டு மடியைத் தடவிப் பார்க்கிற கையால் தரையைத் தடவினாள். ஒன்றும் தட்டுப்படவில்லை.

"தேடு, தேடு. நெறைய இருக்கு," என்றாள் லொரெய்ன்.

"என்ன நெறைய இருக்கு?" என்றான் கிளைவ். "என் புல்வெளியிலயா? ஏ லொரெய்ன்! என் புல்வெளியிலயா?"

"நீ டீயக் குடி."

கடைசியில் லொரெய்னே ஒன்றைக் காட்ட வேண்டியிருந்தது. அவளுக்கும் உடனே கிடைக்கவில்லை. மூக்கு தரையில் படக் குனிந்து, விரலால் அங்கே இங்கே அழுத்தி, ஒரு இடத்தில் நகத்தைச் செருகித் தூக்கினாள். புல் மூடி மாதிரி எழுந்தது. அடியில் வேர் வெள்ளை வெளேரென்று பிடித்திருந்தது.

"அப்ப எலி?" என்றான் கிளைவ் பரிதாபமாக.

ஹிலரி அந்த மூடியைத் திரும்பக் கவிழ்த்து, உள்ளங்கையால் அழுத்தி, அதன் ஓரத்தைக் கண் எடுக்காமல் பார்த்தாள். அழுத்தியதும் அவளுக்கே அந்த இடம் தெரியாமல் போயிற்று. எழுந்து முட்டியைத் தட்டிவிட்டாள். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. எங்கள் ஊரில் அது வழக்கமில்லை.

"டீ இருக்கா?" என்றாள்.

இரண்டாவது கோப்பையில்தான் விஷயத்துக்கு வந்தாள். "புல் நெலம் குடுக்க மாட்டேன், இனிமே யாருக்கும் கெடையாது. கோதும வயல்ல மொளை வந்தாச்சு. பன்னி வயல் ஒண்ணு இருக்கு. பன்னிங்கள இப்பத்தான் அடுத்த வயலுக்கு மாத்தினோம். உழற வரைக்கும் அதுல தேடிக்கோ."

"ரோட்டோரமா இருக்கே, அதுவா?"

"அதேதான். சனிக்கெழம காலைல வா. ஊரே அந்த வழியாத்தான் கடைக்குப் போகும். நான் கேட் பக்கத்துல நிக்கறேன். எல்லாரும் பாக்கட்டும்."

அந்த வயலைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். பன்றிகள் மூக்கால் கிளறிப் போட்ட மண், மழை, மூத்திரம், இன்னது என்று பிரிக்க முடியாத ஒரு குழம்பு. ரப்பர் பூட்ஸ் உள்ளே போனால் வெளியே கால்தான் வரும், பூட்ஸ் வராது. நாற்றம் கண்ணில் ஏறும். லொரெய்ன் மூக்கடியில் மெந்தால் தைலம் தடவிக்கொண்டு இறங்கினாள். ஹிலரி சொன்னபடியே கேட்டருகில் கை கட்டிக்கொண்டு நின்றாள். கடைக்குப் போகிற ஒவ்வொரு காரும் வேகம் குறைந்தது. ஜாம் பாட்டில் படித்த பெண் கண்ணாடியை இறக்கி, "குட் மார்னிங் மிஸஸ் தர்க்கெட்டில்," என்றாள். லொரெய்ன் தலையை மட்டும் ஆட்டினாள்.

ரோனியும் வந்து வேலியோரம் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றான். "இந்த நாத்தத்துல உனக்கு என்ன கெடைக்கப்போவுது?"

"உள்ள வந்து தேடேன், ரோனி. அதோ ஹிலரி நிக்கறா. கேட்டுட்டு வா."

ஹிலரி அவனையே பார்த்தாள். அவன் கேட்கவில்லை. அவசர வேலை ஞாபகம் வந்ததுபோலப் போய்விட்டான்.

அன்று முழுக்க அவள் வாளியில் சேர்ந்தவை: பன்றிகளின் மூக்கு வளையங்கள், பீர் டப்பாக்கள், டிராக்டரிலிருந்து விழுந்த மரைகள், ராத்திரி அங்கே காரை நிறுத்துகிற ஜோடிகள் எறிந்த ஜிகினா உறைகள் (உறைக்குள் இருந்ததைப் பற்றிக் கேட்காதீர்கள்), முனை ஒடிந்த மருந்து ஊசிகள். ஊசிகளை மட்டும் தனி டின்னில் போட்டு மூடி ஹிலரியிடம் கொடுத்தாள்.

"டெரிக்!" என்று ஹிலரி போட்ட சத்தம் அடுத்த வயல் பன்றிகளை ஓட வைத்தது. "பன்னிக்குப் போட்ட ஊசிய இப்படித்தான் வயல்ல வீசுவியா? அசிங்கம் புடிச்ச மனுஷா!"

வாளியின் அடியில் இன்னொன்றும் இருந்தது. பாதி நகம் மாதிரி ஒரு வெள்ளித் துண்டு. சில்லறை இல்லாத ஒரு காலத்தில் முழுக் காசை எவனோ இரண்டாக வெட்டியிருக்கிறான், பாதியை இந்தச் சாணிக்குள் தொலைத்திருக்கிறான். லொரெய்ன் அதை மாவட்டத்தில் பழம்பொருள்களைப் பதிவு செய்கிற அதிகாரியிடம் காட்டிவிட்டு, ஹிலரி கையில் கொண்டுபோய்க் கொடுத்தாள். மண் யாருடையதோ காசும் அவர்களுடையது. ஹிலரி அதை வெகுநேரம் உள்ளங்கையில் வைத்துப் பார்த்துவிட்டு, சர்க்கரை எடுக்கிற பீட் கிழங்கு வயலுக்கும் வரச் சொன்னாள்.

நீங்கள் எங்கள் பக்கம் வந்தால் ஒரு சனிக்கிழமை காலையில் லொரெய்னைப் போய்ப் பாருங்கள். லார்ட்டர் பண்ணையில்தான் ஏதாவது ஒரு வயலில் குனிந்திருப்பாள். தேடும்போது அதிகம் பேச மாட்டாள், ஆனாலும் வாளியைக் காட்டுவாள், ஃபிளாஸ்கிலிருந்து டீ ஊற்றுவாள். வேலியைத் தாண்டாதீர்கள். பண்ணை வீட்டுக் கதவைத் தட்டி ஹிலரியிடம் சொல்லிவிட்டுப் போங்கள், உள்ளே போனதும் கேட்டைச் சாத்துங்கள். டீயைத் தொடுவதற்கு முன்னால் தயவுசெய்து கையைக் கழுவுங்கள்.