இரண்டு பேணி வெடிமருந்து

எனக்கு எழுபத்து நான்கு வயது. பெற்றது நான்கு, தங்கை விட்டுப்போன ஒன்றையும் சேர்த்து வளர்த்தது ஐந்து. ஐந்தையும் ஆளாக்கிவிட்டேன், அதில் எவரும் எனக்குக் குறை சொல்ல முடியாது. படித்தது மூன்றாம் வகுப்பு வரைதான். எழுத்து கோணினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன கிழமை மருமகள் பல்லரோச் சந்தையில் புது மிளகாய்த்தூள் வாங்கிவந்து போத்தலில் நிரப்பினாள். பழைய போத்தலின் அடியில் இரண்டு கரண்டி கிடந்தது. அதைப் புதியதின் மேல் கொட்டப் போனாள். நான் எட்டி அவளுடைய கையைப் பிடித்துவிட்டேன்.

"என்ன மாமி, தூள்தானே?"

"ஓம், தூள்தான். ஆனாலும் கலக்காதை."

"நீங்கள்தானே இப்பிடிச் செய்யச் சொல்லித் தந்தது?"

உண்மைதான். பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் யாழ்ப்பாணத்தில் பிள்ளை வளர்த்தவள் நான். தேய்ந்த சவர்க்காரத் துண்டுகளை ஒட்டி ஒரு கட்டியாக்குவேன். இரண்டு தகரப் பேணியில் அரைவாசி அரைவாசியாக எது கிடந்தாலும் ஒன்றாகக் கொட்டி, ஒரு பேணியைக் கழுவிக் கவிழ்த்தால்தான் எனக்குக் கை அடங்கும். அந்தக் கையோடுதான் இத்தாலிக்கு, இந்தப் பலர்மோவுக்கு வந்தேன்.

மிளகாய்த்தூளின் நெடி அடித்துக்கொண்டிருந்தது. ஆனால் எனக்கு வந்தது வேறொரு மணம், நகப்பூச்சு அழிக்கிற தண்ணீர் மாதிரி ஒரு மணம். அது ரைபிள் மருந்தின் மணம். நீங்கள் முகர்ந்திருக்கமாட்டீர்கள். முகராமலே இருங்கள்.

பக்கத்து ஊரான பகேரியாவில் ஒரு பெரியவர் வீட்டில் பதினொரு வருடம் வேலை செய்தேன். காலை ரயிலில் போய்ப் பின்னேர ரயிலில் திரும்புவேன். மருந்துக்கடை வைத்திருந்து ஓய்ந்தவர். மனைவி இல்லை, ஒரே மகள் மிலானில். படித்தவர் என்று ஊரெல்லாம் அவரை டொத்தோரே என்றது, நானும் அப்படியே கூப்பிட்டேன். மழைக்காலம் வந்தால் சிநேகிதர்களோடு மலைக்குப் பன்றி வேட்டைக்குப் போவார். கடைத் தோட்டா அவருக்குப் பிடிக்காது. சுட்ட தோட்டாவின் வெறுங்கோதைத் துடைத்து, தானே மருந்து நிரப்புவார். எழுத்துக்கு ஒரு மேசை, தோட்டாவுக்கு ஒரு மேசை.

முதல் நாள் அந்த மேசையைக் கண்டதும் வேலையே வேண்டாம் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. ஷெல்லடிக்குத் தப்பிக் கடல் தாண்டி வந்தவள், வெடிமருந்துக்குத் தூசு தட்டவா? அவர் என் முகத்தைப் பார்த்துச் சிரித்தார். அவர் இத்தாலியனில் சொன்னதை எங்களுடைய பேச்சில் எழுதுகிறேன். "பயப்பிடாதையுங்கோ. இதுகளைவிட உங்கட கறியிலைதான் நெருப்புக் கூட."

பிறகு பழகிவிட்டது. பழகினது மட்டுமல்ல, பிடித்தும் போனது. தோட்டாவின் அடியில் ஒரு சின்னக் கேப்பு வைப்பார். பிள்ளைகளின் விளையாட்டுத் துவக்குக் கேப்பு மாதிரிதான். துவக்கின் ஊசி குத்தினதும் முதலில் பற்றுவது அது, மருந்தைப் பற்றவைப்பதும் அது. எல்லாக் கேப்பும் ஒன்று என்றுதான் நினைத்தேன். இல்லையாம். பற்ற மறுக்கிற சோம்பேறி மருந்துக்கு உரத்த கேப்பு வேண்டும், குளிர்நாளில் இன்னும் கவனம் வேண்டும். "ஈர விறகுக்குப் பன்னாடை வைக்க வேணும், காஞ்ச விறகுக்கு ஒரு ஓலைக்கீற்றுக் காணும்" என்று நான் அடுப்பு மூட்டுகிற விதத்தைச் சொன்னேன். பன்னாடை என்றால் தென்னை மட்டையடியில் வலை மாதிரிக் கிடப்பது என்று விளங்கப்படுத்த அரை மணித்தியாலம் போனது. விளங்கினதும் மேசையில் தட்டி, "மருந்துக்கடையிலை வைச்சிருந்த பெடியளுக்கு இந்த மூளை இருக்கேல்லை" என்றார். அன்றைக்கு ரயிலில் நான் கழுத்தை நிமிர்த்திக்கொண்டு வந்தேன்.

மருந்தை மருந்துக்கடைத் தராசில் நிறுப்பார். ஒரு நேரத்தில் ஒரு பேணிதான் மேசைக்கு வரும். வேலை முடிந்ததும் மிச்சம் அதே பேணிக்குள் போகும். இதை நான் ஆயிரம் தரம் பார்த்திருக்கிறேன். ஏன் என்று கேட்டதில்லை.

ஒரு கார்த்திகை மாதம் அவருடைய மகள் வந்து நின்றாள். அவள் திரும்பிப் போகிற அன்று காலை வீட்டைக் காட்டி அவளிடம் சொன்னார்: "இந்த வீட்டிலை ஒரு சாமானும் பிழையான இடத்திலை இருக்காது. எல்லாம் இவவாலைதான்." எனக்குப் பெருமை தாங்கவில்லை. அவள் போனதும் இன்னும் ஒருபடி மேலே துப்புரவாக்குவோம் என்று அலுமாரியைத் திறந்தேன். இரண்டு பேணி. சின்னதின் அடியில் ஒரு கைப்பிடி இருந்தது, மற்றது அரைவாசி. இரண்டும் கறுப்புத் தூள். சின்னதை மற்றதற்குள் கொட்டினேன். வெறும் பேணியைக் குப்பையில் போட்டேன். கை அடங்கிவிட்டது.

பின்னேரம் கூப்பிட்டார். "மற்றச் சின்னப் பேணி எங்கை?"

அவருடைய குரலில் கோபம் இல்லை. சும்மா கேட்டார். அந்த நேரம் சொல்லியிருக்கலாம். காலையில் என்னைப் புகழ்ந்த அதே வாய் கேட்கிறது என்றதும் என் வாய் வேறு ஒன்றைச் சொன்னது.

"அது முடிஞ்சுது டொத்தோரே. எறிஞ்சுபோட்டன்."

"முடிஞ்சுதோ?" கொஞ்சம் யோசித்தார். "என்ர ஞாபகத்துக்கு இன்னும் கிடந்தது. பரவாயில்லை. அது குருவி சுடுற துவக்குக்கு, கண் மூடித் திறக்கமுன்னம் எரியிற மருந்து. ரைபிளுக்குள்ளை போனா ரைபிளே வெடிக்கும்."

அப்போதும் சொல்லவில்லை. நாளைக்கு வந்து, கை தவறினது மாதிரி அந்தப் பேணியைத் தண்ணீருக்குள் போட்டுவிடலாம், வேட்டைக்கு இன்னும் இரண்டு நாள் கிடக்கிறது என்று கணக்குப் போட்டுக்கொண்டு ரயிலேறினேன். பேச்சு வாங்க மட்டும் ஆயத்தமாக இருந்தேன். பிழை என்னுடையது என்று சொல்ல ஆயத்தமில்லை.

காலையில் போனபோது வீடு பூட்டியிருந்தது. சிநேகிதர்கள் வேட்டையை ஒரு நாள் முந்தி வைத்துவிட்டார்கள். என்னிடமிருந்த திறப்பால் திறந்து உள்ளே போனேன். மேசையில் தராசு, பக்கத்தில் பேணி. இரவே நிரப்பியிருக்கிறார். சிநேகிதர்களின் தொலைபேசி இலக்கம் எழுதின கடதாசி சுவரில் தொங்கியது. இலக்கம் எனக்கு வாசிக்கத் தெரியும். அதற்கு அழைத்தேன், மணி அடித்தது, ஒருவரும் எடுக்கவில்லை. மலையில் நிற்கிறவர்களுக்கு எங்கே கேட்கும்? பகல் முழுக்க நூறு தரம் எடுத்திருப்பேன்.

மகள்தான் சொன்னாள். ரைபிள் வெடித்து இடது கையில் இரண்டு விரல் போய்விட்டது. உயிருக்குப் பயமில்லை.

ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தேன். சொல்லத்தான் போனேன், அதை நம்புங்கள். நான் வாய் திறக்க முன்னம் அவர் சொன்னார்: "என்ர கண் மங்கிப் போச்சுது. அந்தச் சின்னப் பேணி மருந்தின்ர மிச்சத்தை நான்தான் முந்தி மாறி மற்றதுக்குள்ளை கொட்டியிருக்கிறன். நாப்பது வருசம் ஒரு பிழை விடாத கை இது."

கட்டுப்போட்ட கையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். நான் தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன்.

வீட்டுக்கு வந்தவர் வேறு ஆள். தராசை மகளிடம் கொடுத்துவிட்டார். ஒரு கடிதத்தைத் தானே மூன்று தரம் வாசித்து, பிறகும் என்னிடம் நீட்டுவார், எனக்கு இத்தாலியன் வாசிக்கத் தெரியாது என்று தெரிந்தும். தான் விழுங்குகிற குளிசையைக்கூடத் தானாக எடுக்கமாட்டார். "நீங்கள் எடுத்துத் தாங்கோ. உங்கட கை பிழை விடாது." வாழ்க்கை முழுக்க ஊருக்கு மருந்து கொடுத்த மனுசன், மூன்றாம் வகுப்புப் படித்த என்னிடம் கை நீட்டுவார். நான் நிறம் பார்த்து எண்ணி வைப்பேன். மூன்று வருடம், ஒவ்வொரு நாளும் காலையும் பின்னேரமும். அந்த ஒவ்வொரு தரமும் சொல்ல ஒரு இடம் இருந்தது.

அவர் செத்துப் பன்னிரண்டு வருடம். மகள் வீட்டை விற்றுவிட்டாள். எலுமிச்சைத் தோட்டம் கார் விடுகிற இடமாகிவிட்டது, வீட்டில் கிழமைக்கொரு சுற்றுலாக்காரர். கேப்பைக் குப்புற விழாமல் நுனிவிரலால் ஒவ்வொன்றாக நிமிர்த்துகிற அந்தக் கை இல்லை. மன்னிக்கவோ பேசவோ கூடிய ஒரே ஆளும் இல்லை. கோவிலில் சொல்லிப் பார்த்தேன்; சாமிக்கு விரல் போகவில்லையே.

பேத்தி தமிழ்ப் பள்ளிக்கூடத்திலிருந்து வந்துவிட்டாள். அப்பம்மாவை நொன்னா என்று இத்தாலியன் கலந்து கதைத்தாலும் எழுத்துக்கூட்டி வாசிப்பாள்.

"பிள்ளை, இஞ்சை வா. இதை முதலிலையிருந்து வாசி."

"என்ன நொன்னா, கதையோ?"

"இல்லை. சத்தமா வாசி, அம்மாவுக்குக் கேட்டாலும் காரியமில்லை. எங்கையாவது நான் என்னை நல்லவளா எழுதியிருந்தா, அதிலை நிப்பாட்டிச் சொல்லு."