ஏழாம் பாட்டில் தண்ணீர்

சிட்டு என்பது வீட்டில் வைத்த செல்லப் பெயர். பல்கலைக்கழகம் வரை அது கூடவே வந்து ஒட்டிக்கொண்டது. அப்பா குழாய் வேலை செய்பவர். அம்மா இல்லை. அண்ணன், அண்ணி, அவர்களுடைய இரண்டு வயதுப் பாப்பா, இவர்கள்தான் குடும்பம். "குழாய்க்காரன் வீட்ல பொறந்துட்டு கிருமியப் போய்ப் படிக்கிறாளே" என்று அப்பா ஊரெல்லாம் அலுத்துக்கொள்வார். அந்த அலுப்பில் பாதிக்கு மேல் பெருமைதான்.

கிருமிகளின் மரபணுவில் கைவைத்து, அவற்றைப் புது வேலைக்குப் பழக்குவதுதான் சிட்டுவின் குழு செய்துவந்த ஆராய்ச்சி. மாணவர்களே குழு சேர்ந்து ஒரு போட்டிக்காகச் செய்வது. தண்ணீரில் காரீயம் என்னும் நச்சு ஈயம் கலந்திருந்தால் சிவந்து காட்டிக்கொடுக்கும் ஒரு பாக்டீரியாவை உருவாக்க வேண்டும் என்பது திட்டம். அவர்களுடையது நன்றாகவே சிவந்தது. ஆனால் கண்டதற்கெல்லாம் சிவந்தது. உப்பு போட்டாலும் சிவந்தது, ஒன்றும் போடாவிட்டாலும் சிவந்தது.

வேறொரு நகரத்துப் பல்கலைக்கழகக் குழுவிடம் இதற்கு நேர்மாறான தலைவலி இருந்தது. ஈயத்தை மட்டும் சரியாகக் கண்டுகொள்ளும் மரபணுத் துண்டு அவர்களிடம் இருந்தது. கண்டதை வெளியே காட்ட நிறம் இல்லை. அந்தக் குழுவின் தலைவனுக்குப் பட்டப்பெயர் நெட்டை. அவன் உயரத்துக்குக் கணினித் திரையில் எப்போதும் தலை நெற்றியோடு வெட்டுப்பட்டே தெரியும்.

"எங்ககிட்ட மூக்கு இருக்கு, உங்ககிட்ட வாய் இருக்கு. சேர்ந்துக்கலாமா?" என்று அவன் கேட்டான்.

"எங்க வாய் ஓயாது, பரவாயில்லையா?" என்றாள் சிட்டு.

இரண்டையும் இணைத்த பாக்டீரியா முதலில் நெட்டையின் ஆய்வகத்தில்தான் தயாரானது. அதைச் சோதிக்கத் தண்ணீர் அனுப்புவது சிட்டுவின் பொறுப்பு. எது எந்த இடத்துத் தண்ணீர் என்று தெரிந்தால் பார்ப்பவர் கண் ஏமாறும் என்பதால், பாட்டில்களில் வெறும் எண் மட்டும் எழுதினாள். ஆற்றுத் தண்ணீர், கிணற்றுத் தண்ணீர், வேண்டுமென்றே ஈயம் கலந்த தண்ணீர் ஒன்று. நல்ல குடிநீருக்கு உதாரணமாக ஒன்று வேண்டுமே என்று, காலையில் கிளம்பும்போது தங்கள் வீட்டுச் சமையலறைக் குழாயில் பிடித்தாள். அது ஏழாம் பாட்டில்.

அடுத்த வாரம் நெட்டை திரையில் வந்தான்.

"சிட்டு, மூணாம் பாட்டில் நீ ஈயம் கலந்தது, சரியா?"

"சரி!" இங்கே மொத்தக் குழுவும் கைதட்டியது.

"ஏழும் கிட்டத்தட்ட அதே மாதிரி சிவந்திருக்கு. எங்க பிடிச்சே? பழைய பேட்டரி உடைக்கிற இடமா?"

சிட்டுவுக்கு ஒரு நொடி ஒன்றும் புரியவில்லை. புரிந்ததும் கோபம்தான் வந்தது.

"உளறாதே. ஏழு நல்ல தண்ணி. மூணைத் தொட்ட கையோட ஏழைத் தொட்டிருப்பீங்க."

"மூணு தடவை தனித்தனியா செஞ்சோம்."

"மூணு தடவையும் தப்பா செஞ்சிருப்பீங்க!"

நெட்டையின் முகம் சுருங்கியது. "உன் தப்பை எங்க தலையில கட்டாதே. பாட்டிலைக் கழுவினியா இல்லையா, அதை முதல்ல பாரு" என்று சொல்லி இணைப்பைத் துண்டித்தான்.

பக்கத்தில் இருந்த தோழி சோடாபுட்டி மெதுவாகக் கேட்டாள்: "ஏழு எங்கேருந்துடி?"

சிட்டு பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பினாள்.

அந்தப் பாக்டீரியாவின் ஒரு பகுதி தபாலில் இவர்களுக்கும் வந்திருந்தது. புதுப் பாட்டில் வாங்கி, வீட்டில் புதிதாகத் தண்ணீர் பிடித்து, சிட்டு தானே சோதித்தாள். மறுநாள் காலை ஆய்வகத்துக்குள் நுழைந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். குழல்களின் வரிசையில் அந்த ஒன்று செக்கச்செவேலென்று இருந்தது. பக்கத்தில் காய்ச்சி வடித்த தண்ணீர் ஊற்றிய குழல் வெளுத்துப்போய் நின்றது. அதுவும் சிவந்து தொலைத்திருக்கக் கூடாதா என்று அவள் மனம் ஏங்கியது. இத்தனை மாதம் எது சரியாக வேலை செய்ய வேண்டும் என்று தவம் கிடந்தாளோ, அது இன்று சரியாக வேலை செய்துவிட்டது.

மிச்சத் தண்ணீரை எடுத்துக்கொண்டு வேதியியல் துறைக்கு ஓடினாள். அங்கிருந்த பெரிய கருவி பொய் சொல்லாது. அதில் வந்த எண்ணைப் பார்த்த பேராசிரியை கண்ணாடியைக் கழற்றினார்.

"யார் வீட்டுத் தண்ணிம்மா இது?"

"எங்க வீடு, மேடம்."

"வீட்ல சின்னக் குழந்தை இருக்கா?"

காதில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றியது போல என்று எத்தனையோ பேர் எத்தனையோ முறை சொல்லிக் கேட்டிருக்கிறாள். அன்றுதான் அது எப்படி இருக்கும் என்று தெரிந்தது.

வீட்டுக்கு எப்படி வந்து சேர்ந்தாள் என்று அவளுக்கு நினைவில்லை. அண்ணி பாப்பாவை மடியில் வைத்துப் பால்மாவைத் தண்ணீரில் கரைத்த புட்டியை ஆற்றிக்கொண்டிருந்தாள்.

"அண்ணி, அதைக் கீழ வைங்க! குடுக்காதீங்க!"

கத்திய கத்தலில் பாப்பா அழ ஆரம்பித்தது. சிட்டு மூச்சு வாங்கச் சொல்லி முடித்தாள். அண்ணி புட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் காய்ச்சித்தானே குடுத்தேன், சிட்டு? ஒருநாள்கூட பச்சைத் தண்ணி குடுத்ததில்லையே."

"காய்ச்சினா கிருமிதான் போகும் அண்ணி. இது உலோகம்."

காய்ச்சக் காய்ச்சத் தண்ணீர் சுண்டும், ஈயம் அப்படியே நிற்கும் என்பதைச் சொல்ல அவளுக்கு நாக்கு எழவில்லை.

சாயங்காலம் அப்பா வந்தார். சமையலறைக்கு வரும் குழாய் எது என்று சிட்டு கேட்டதும் அவர் முகம் மலர்ந்தது.

"அதுவா? பழைய பங்களா இடிச்சப்போ எடுத்தது. ஈயக் குழாய். என்ன கனம் தெரியுமா! கையால வளைச்சா அப்படியே வளையும். இந்தக் காலத்துல எவன் அப்படிச் செய்யறான்?"

"அப்பா, அந்த ஈயம்தான் தண்ணியில கரைஞ்சு வருது."

"போடி. அந்தப் பங்களாவுல பரம்பரையா குடிச்சாங்க, யாருக்கு என்ன ஆச்சு?"

"யாருக்கு என்ன ஆச்சுன்னு யாருப்பா பார்த்தா?"

அவர் சிரிப்பு பாதியில் நின்றது. அண்ணியின் மடியில் தூங்கும் பேத்தியைப் பார்த்தார். இன்னும் ஒரு வார்த்தைகூடப் பேசாத குழந்தை அது. சில குழந்தைகள் தாமதமாகத்தான் பேசும் என்று வீட்டில் எல்லோரும் சொல்லிவந்தார்கள். அவர் எழுந்து போய் ஸ்பேனரை எடுத்தார். குழாயடிக்குப் போகாமல் அப்படியே தரையில் உட்கார்ந்தார்.

"சிட்டு. அந்தக் குழாய்ல மிச்சத்தை நம்ம தெருவுலயே மூணு வீட்டுக்குப் போட்டிருக்கேன்."

மருத்துவமனையில் சோதித்தபோது பாப்பாவின் இரத்தத்தில் ஈயம் இருந்தது. இருக்கக் கூடாத அளவு. பேச்சு தாமதமானது இதனால்தானா என்று அறுதியிட்டுச் சொல்ல முடியாது என்றார் டாக்டர். அந்தத் தண்ணீரை நிறுத்துங்கள், இரும்புச் சத்து கொடுங்கள், மறுபடி கூட்டி வாருங்கள் என்றார். அண்ணன் அப்பாவுடன் பேசுவதை நிறுத்திவிட்டான்.

சிட்டு நெட்டைக்கு போன் செய்தாள். "ஏழு எங்க வீட்டுத் தண்ணி" என்று மட்டும் சொன்னாள்.

சனிக்கிழமை நெட்டை தன் குழுவோடு பஸ் ஏறி வந்துவிட்டான். நேரில் வந்தபோது அவன் வாசலில் குனிந்துதான் உள்ளே வர வேண்டியிருந்தது.

"அன்னிக்குக் கத்தினதுக்கு..." என்று ஆரம்பித்தாள் சிட்டு.

"நானும்தான் கத்தினேன். அதை விடு. எத்தனை வீடு?"

இரண்டு குழுவும் காலிப் பாட்டில்களோடு தெருவில் இறங்கின. அவர்களுக்கு முன்னால் அப்பா நடந்தார். பிள்ளைகள் சொல்லட்டும் என்று அவர் ஒதுங்கவில்லை. கதவைத் தட்டி, "நான் போட்ட குழாய்ல கோளாறு இருக்கலாம். தண்ணியைப் பார்க்கணும்" என்று அவரே சொன்னார்.

முதல் வீட்டில் தையல்காரம்மா. இரண்டு பையன்கள் அவளுக்கு. விஷயம் புரிந்ததும் அவள் கையிலிருந்த துணி நழுவியது.

"நல்ல குழாய், ஆயுசுக்கும் கெடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"ஆமாம்மா. சொன்னேன்."

"இத்தனை வருஷம் என் பிள்ளைங்களுக்கு நான் என்னத்தைய்யா குடுத்திருக்கேன்?"

அவர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். அவள் கதவை அறைந்து சாத்தினாள். சாத்திய கதவின் முன்னாலேயே அவர் நின்றார். சிட்டு அவர் கையைப் பிடித்து இழுத்தும் நகரவில்லை. கொஞ்ச நேரம் கழித்துக் கதவு திறந்தது. அவள் அவர் முகத்தைப் பார்க்காமல், தண்ணீர் நிரம்பிய சொம்பை நெட்டையிடம் நீட்டினாள்.

மூன்று வீடுகளிலும் சிவந்தது. இரண்டு ஆய்வகங்களிலும் தனித்தனியாகப் பார்த்தார்கள், கருவியிலும் பார்த்தார்கள். அப்பா தன் வீட்டில் தொடங்கி ஒவ்வொரு வீடாகப் போய்ப் பழைய குழாயைப் பிடுங்கிப் புதிது போட்டார். தையல்காரம்மா வீட்டில் வேலை முடியும்வரை யாரும் அவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

போட்டியில் இரண்டு குழுவும் ஒரே மேடையில் நின்றன. நெட்டை பாதி பேசினான், சிட்டு பாதி பேசினாள். ஏழாம் பாட்டிலின் படம் திரையில் வந்தபோது சிட்டு பேச்சை நிறுத்தி மைக்கை நெட்டையிடம் நீட்டினாள். மீதியையும் நெட்டையே சொல்லி முடித்தான். பரிசு வேறு யாருக்கோ போனது.

பாப்பாவின் இரத்தத்தில் ஈயம் இறங்கிவருகிறது. இன்னும் முழுதாகப் போகவில்லை. தையல்காரம்மாவின் பையன்களையும் அதே டாக்டர்தான் பார்க்கிறார். அண்ணன் அப்பாவோடு இப்போது தேவைக்கு மட்டும் பேசுகிறான். ஞாயிற்றுக்கிழமைகளில் சிட்டுவும் சோடாபுட்டியும் பழைய வீடுகள் உள்ள தெருக்களில் பாட்டில்களோடு போகிறார்கள். எந்தச் சுவருக்குள் எந்தக் குழாய் போகிறது என்று காட்ட அப்பாவும் கூடப் போகிறார்.